கம்பளி சாக்ஸ்

கப்பல் சமையல்காரன் ஒருவன் கொடுத்தது.
டென்மார்க்காரன்.
பெயர் வாயில் நுழையவில்லை என்கிறார் செலஸ்டின்.
கன்டெய்னருக்குக் கம்பி முடுக்கிவிட்டு இறங்கும்போது
மேல்தட்டிலிருந்து உருட்டிப் போட்டானாம்.
சாம்பல் நிறம், கணுக்காலில் இரண்டு சிவப்புக் கோடு.

தண்டையார்பேட்டையில் கம்பளி சாக்ஸ்!
மே மாதம் அது பீரோவுக்குள் இருப்பதை நினைத்தாலே
எனக்கு வேர்க்கும்.
ஒருமுறை இட்லிக் குண்டான் இறக்கக் கைத்துணி ஆனது.
அப்புறம் ஜெனிட்டா அதில் கோலிகுண்டு போட்டு வைத்தாள்.

எனக்கு எம்.சி. ரோட்டில் வேலை. சுடிதார் பிரிவு.
காலை பத்துக்கு நின்றால்
இரவு ஒன்பதரைக்குத்தான் முட்டி மடங்கும்.
உட்காரலாம் என்று சட்டம் வந்துவிட்டது.
ஸ்டூலும் வந்துவிட்டது.
அதன்மேல் துப்பட்டா அடுக்கியிருக்கிறார்கள்.

நவம்பரில் ஒரு புதன்.
கணேசபுரம் சுரங்கப்பாதை முழுகிவிட்டதென்று
ஐந்து மணிக்கே ஷட்டரை இறக்கினார்கள்.
முட்டிவரைத் தண்ணீர். செருப்பு கையில்.
காலில் படுவது என்னவென்று யோசிக்காமல் நடந்தேன்.
மூன்றாவது மாடி. கரண்ட் இல்லை.
மணலிப் பக்கத்துக் காற்றில் அன்று மருந்து வாடை இல்லை,
மழை வாடைதான்.
அதுவே பாதி விசேஷம்.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்ததால்
அவருக்கும் வேலை இல்லை.
கூலி இல்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"குந்து" என்றார்.
பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர், கைப்பிடி கல்லுப்பு.
என் காலைத் தூக்கி உள்ளே வைத்தார்.
பெரிய வியாழன்கூட இல்லை, வெறும் புதன்.
துடைத்துவிட்டு,
கோலிகுண்டைத் தரையில் கொட்டிவிட்டு,
சாக்ஸை மாட்டினார்.
முதலில் அரித்தது.
பிறகு, யாரோ இரண்டு பூனைக்குட்டிகளை
என் பாதத்தின்மேல் தூங்க வைத்ததுபோல் இருந்தது.

மெழுகுவர்த்தி கல்லறைத் திருநாளில் மிஞ்சியது.
காசிமேட்டில் மாமனாருக்கு ஏற்றி
காற்றில் நிற்காமல் திரும்பி வந்த பாதி.
கொட்டாங்குச்சியில் நட்டோம்.

பக்கத்து வீட்டுக் குமுதவல்லி
சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள்,
கையில் சுடச்சுட நெத்திலி வறுவல்.
"எங்க வூட்ல வத்தி இல்லக்கா,
உங்க வெளிச்சத்துல துன்னலாம்னு."

நான்கு பேருக்கு ஒரே தட்டு.
பூனைக்கென்று தலைகளை மட்டும் ஒதுக்கிய ஜெனிட்டா
கடைசியில் அதையும் அவளே தின்றாள்.
வாடகை பற்றிப் பேச்சு வந்தது,
வந்த வழியே போய்விட்டது.
தூரத்தில் எண்ணூர் ரோட்டு லாரிகள்
ஹாரன் அடிக்காமல் நனைந்துகொண்டிருந்தன.

"அவுங்க ஊர்ல இதுக்குன்னே ஒரு வார்த்த கீதாம்."
"எதுக்கு?"
"இதுக்குதான்" என்று
தட்டு, மெழுகு, என் கால் எல்லாவற்றையும்
சேர்த்துக் கையைச் சுழற்றினார்.
"இன்னா வார்த்த?"
"விக்கல் எடுக்கிற மாதிரி சொன்னான். மறந்துட்டேன்.
பாதி வருஷம் இருட்டாம் அங்க."
"கரண்ட் கட்டாப்பா?"
"சூரியனே கட்டு."

அப்போதுதான் சூப்பர்வைசர் போன்.
நாளைக்கு எட்டுக்கே வரணும், சரக்கு நனைந்துவிட்டது,
இன்னாம்மா பண்ணிகினு கீற இப்போ?
"குந்திகினு கீறேன் சார்" என்றேன்.
நான்கு வருடத்தில்
அவரிடம் நான் சொல்லியிராத வார்த்தை.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

ஒன்பதுக்குக் கரண்ட் வந்தது.
ஃபேன் சுற்றி மெழுகை அணைத்தது.
மூன்று மணி நேரமாய் அதற்குத்தான் காத்திருந்தோம்.
ஆனாலும் நால்வரும் ஒரே குரலில்
"ச்சே" என்றோம்.

துவைத்துப்போட்ட சாக்ஸ் நாலு நாளாகியும் காயவில்லை.
மொட்டைமாடிக் கொடியில்
கிளிப் மாட்டித் தொங்குகிறது,
சொட்டுச் சொட்டாய்.

கோலிகுண்டுக்கு
ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்துவிட்டேன்.